நாலாவது கட்டில்

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் சனங்கள் மேலே போவதும் கீழே வருவதும் அவன் தயவில்தான். அப்படிப்பட்டவன் மூன்று வருடமாகத் தன் சொந்த வீட்டுக்குள் போவதற்கு அழைப்பு மணி அடித்துக்கொண்டிருந்தான். சாவி சட்டைப் பையிலேயே இருக்கும். "சாவியை எதுக்குடா வெச்சிருக்க, காது குடையவா?" என்று கேட்டேன். "பிள்ளைங்க ஹால்ல இருப்பாங்கக்கா. திடீர்னு போய் நின்னா அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்றான். தன் வீட்டுக்கே விருந்தாளியாக வந்துபோகிற ஆம்பளை என்று நான் இவன் ஒருத்தனைத்தான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளைகள் அவன் பெற்றவை அல்ல. அவன் பெண்டாட்டி முதல் புருஷனை நோய்க்குப் பறிகொடுத்துவிட்டு, ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் வேலை பார்த்து வந்தவள். இவனோ நாற்பதைத் தாண்டியும் "பார்க்கலாம்க்கா, பார்க்கலாம்க்கா" என்று என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தவன். அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒருநாள் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனது. உள்ளே மருந்துப் பெட்டிகளோடு அவள் மட்டும். இவன் ஓடினான்.

இவன் வேலை பார்க்கும் விதமே தனி. கம்பெனியில் அதை வைத்து இவனைக் கிண்டல் செய்வார்கள். ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் நேரே மெஷினிடம் ஓடுவார்கள். இவன் முதலில் கதவுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளே இருப்பவர்களோடு ஊர்க்கதை பேசுவான். அவர்கள் குரல் கொஞ்சம் தெளிந்த பிறகுதான் மெஷினைத் தொடுவான். "பயமா இருக்கான்னு மட்டும் கேட்கவே கூடாதுக்கா. கேட்டா பயத்தோட வெட்கமும் சேர்ந்துக்கும்" என்பான். அன்றைக்கு அவளிடம், தலைவலி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடணுமா பின்னால் போடணுமா என்று கேட்டிருக்கிறான். வெளியே வந்ததும் அவள், "நான் உள்ள மாட்டிக்கிட்டுத் தவிக்கிறேன், உங்களுக்கு இப்பதான் தலைவலி வந்துச்சா?" என்று பிடிபிடி என்று பிடித்துவிட்டாள். அந்தத் திட்டில் விழுந்தவன்தான், எழுந்திருக்கவே இல்லை.

கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்தது. என்னை அந்தப் பிள்ளைகள் முதல் நாளே "அத்தை" என்று கூப்பிட்டுவிட்டார்கள். அவர்கள் அம்மா சொல்லிக் கொடுத்ததுதான், ஆனாலும் எனக்கு மனசு குளிர்ந்து போனது. நான் அத்தை, சரி. அத்தையின் தம்பி உங்களுக்கு யாரு என்று கேட்டால் மட்டும் இரண்டு பேரும் தரையைப் பார்ப்பார்கள். சின்னவள் கொஞ்ச நாள் "அங்கிள்" என்று பார்த்தாள். வாட்ச்மேனையும் அப்படித்தானே கூப்பிடுகிறோம் என்று அவளுக்கே தோன்றி, விட்டுவிட்டாள். "சித்தப்பான்னு கூப்பிடேன்டா" என்று நான் பெரியவனிடம் சொல்லிப் பார்த்தேன். "அவர் எங்கப்பாவுக்குத் தம்பி இல்லையே அத்தை" என்றான். நியாயமான பதில்தான். எனக்கு அவன் மண்டையில் ஒன்று போடத்தான் தோன்றியது.

கடைசியில் பெயரே இல்லாமல் ஓட்டினார்கள். முகத்துக்கு நேரே "இங்க பாருங்க", முதுகுக்குப் பின்னால் "அவர்". ஒருநாள் சின்னவள் சமையலறையில் கரப்பான் பூச்சியைப் பார்த்துவிட்டு நாற்காலி மேல் ஏறி, என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் "ஏங்க! ஏங்க!" என்று அலறியிருக்கிறாள். பெண்டாட்டிதான் கூப்பிடுகிறாள் என்று இவன் "என்னம்மா?" என்று ஓடிவர, அங்கே இந்த வாண்டு நிற்கிறது. இதைச் சொல்லிச் சொல்லி அந்த வீட்டில் ஒரு வாரம் சிரித்தார்கள். பெரியவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் முரடன் இல்லை, மரியாதை தெரியாதவனும் இல்லை. அதுதான் பிரச்சினையே. வாங்க, போங்க, சாப்பிட்டீங்களா, தேங்க்ஸ். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற அத்தனை மரியாதையும் இவனிடம் பேசுவான்.

இந்த நிலைமையில்தான் என் தம்பிக்குக் கப்பல் பைத்தியம் பிடித்தது.

ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்கப் போனவன், ஐந்தாவது மாடியில் இருந்த டிராவல் ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய கப்பல் படத்தைப் பார்த்திருக்கிறான். வேலை முடிந்ததும் கிரீஸ் கையோடு உள்ளே போய் விவரம் கேட்டிருக்கிறான். நேரே நான் வேலை பார்க்கும் சலவைக் கடைக்கு வந்து, இஸ்திரி மேஜை மேல் மூன்று விளம்பரப் புத்தகங்களை விரித்தான். நாலு நாள் கடல், நடுவில் இரண்டு துறைமுகம், திரும்ப வீடு.

"இவ்வளவு நாள் நம்ம வீட்டு மானந்தான் கப்பலேறிச்சு, இப்ப ஆளும் ஏறப் போறாங்களா?" என்றேன்.

"சிரிக்காதக்கா. அடுத்த வருஷம் பெரியவன் காலேஜுக்கு வெளியூர் போயிடுவான். அப்புறம் லீவுக்கு வருவான், போவான். அதுக்குள்ள ஒரு தடவையாவது நாலு பேரும் ஒண்ணா ஒரு இடம் போயிட்டு வரணும். அந்த நாலுல நானும் ஒரு ஆளா இருக்கணும். அவ்வளவுதான்க்கா."

"அதுக்கு எதுக்குடா கப்பல்? பஸ்ல போறது."

"பஸ்னா அவன் காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்குவான். கப்பல்னா எங்க ஓடுவான்? நடுக்கடல்!"

"லிஃப்டை நிறுத்திப் பொண்டாட்டியைப் பிடிச்ச. கப்பல்ல ஏத்திப் பிள்ளைங்களைப் பிடிக்கப் போறியாக்கும்" என்றேன். கன்னம் சிவக்கச் சிரித்தான். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் வீட்டுக்கு வரச் சொன்னான். மனுஷன் பரீட்சைக்குப் படிப்பதுபோல மூன்று கப்பலையும் படித்து வைத்திருந்தான். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மேஜையில் புத்தகங்களைப் பரப்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். "முதல் கப்பல் ரொம்பப் பெரிசு. பதினாலு மாடி. லிஃப்ட் மட்டுமே—"

"ஆரம்பிச்சுட்டீங்களா! லிஃப்டைப் பார்க்கறதுக்கா அவ்வளவு தூரம் போறோம்?" என்றாள் அவன் பெண்டாட்டி.

"சரி சரி. அதுல சறுக்கு, நீச்சல் குளம், சுவர் ஏறுற விளையாட்டு, எல்லாம் இருக்கு. ரெண்டாவது நடுத்தரம். மூணாவது சின்னது, அமைதியா இருக்கும்."

"அமைதின்னா வயசானவங்க கப்பல்" என்று சின்னவள் மூன்றாவது புத்தகத்தை ஒதுக்கித் தள்ளினாள். "வைஃபை இருக்கா?"

"இருக்கு. தனியாக் காசு கட்டணும்."

"கடல்ல கூடவா!" பெரிய கப்பலின் சறுக்குப் படத்தில் அவள் கண் ஒட்டிக்கொண்டது. அவள் அம்மாவுக்கோ வாந்திக் கவலை. அலையில் ஆடுமா, எந்த மாடியில் ஆட்டம் குறைச்சல், எந்த மாத்திரையை எடுத்துப் போவது என்று மருந்துக்காரி தன் கடையையே திறந்துவிட்டாள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் ஆட்டம் தெரியாது என்று இவன் படம் போட்டுக் காட்டினான். இதற்குள் சின்னவள் பெரிய கப்பலில் ஒரு குறை கண்டுபிடித்தாள். அதில் பிள்ளைகளுக்கு வயசு வாரியாகத் தனித்தனி கிளப்பாம். பதிமூன்று வயசு ஒரு பக்கம், பதினாறு வயசு இன்னொரு பக்கம்.

"அப்ப அண்ணன் என்கூட இருக்க மாட்டானா? நான் தெரியாதவங்களோட உட்கார்ந்து முழிக்கணுமா?" என்று முகம் வாடிவிட்டது.

எல்லாரும் பெரியவனைப் பார்த்தோம். அவனோ ரூம் படம் இருந்த பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே இரண்டு கட்டில், சோபாவை விரித்தால் மூன்றாவது, கூரையிலிருந்து மடித்து இறக்குகிற நாலாவது. நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ரூம். கப்பல் ரூம் எவ்வளவு பெரிதாக இருந்துவிடப் போகிறது? கையை நீட்டினால் அடுத்தவர் மூக்கில் இடிக்கும்.

"உனக்கு எது பிடிச்சிருக்கு தம்பி?" என்று இவன் கேட்டான்.

"எதுவா இருந்தாலும் பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு அவன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். அம்மாக்காரி பின்னாலேயே போனாள். நானும் தம்பியும் கை கழுவ எழுந்தோம். சமையலறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை.

"ஒரே ரூம்ல, அவர் இருக்கும்போது, நான் எப்படிம்மா தூங்கறது? நீங்க மூணு பேரும் போங்க. நான் வரல."

"மெதுவாப் பேசுடா!"

என் தம்பி குழாயை மூடினான். ஈரக் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அந்தப் பயலை நாலு வார்த்தை கேட்கலாம் என்று கால் எடுத்து வைத்தேன். இவன் என் கையைப் பிடித்துக்கொண்டான், சின்ன வயசில் பிடித்த மாதிரி. விடவே இல்லை.

அந்த வாரம் வீட்டில் ஒரு செய்தி சொன்னான். கம்பெனியில் லீவு கொடுக்கவில்லையாம், புதுக் கட்டட வேலை இருக்கிறதாம், அதனால் நீங்கள் மூன்று பேரும் போய்வாருங்கள், எந்தக் கப்பல் என்று பெரியவனே போய் முடிவு பண்ணட்டும் என்று. பெண்டாட்டி சண்டை போட்டாள். சின்னவள் அழுதாளாம். பெரியவன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டபோது எனக்கு எரிந்துகொண்டு வந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. தம்பியின் சூப்பர்வைசர் எங்கள் கடையில்தான் துணி போடுவார். சட்டைகளை மடித்துக் கொடுத்துக்கொண்டே, "ஏன் சார், வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோட போறான், அதுக்குக்கூட லீவு கொடுக்க உங்களுக்கு மனசு வரலயா?" என்று வாங்கு வாங்கு என்று வாங்கினேன். மனுஷன் திருதிருவென்று விழித்தார். "லீவு கொடுத்தாச்சேம்மா. அவன்தான் வந்து வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போனான்" என்றார். என் மானம் அங்கேயே கப்பலேறியது, டிக்கெட் இல்லாமல்.

சாயங்காலம் தம்பியைக் கடைக்கு வரவழைத்தேன். "யார் காதுல பூ சுத்தற? லீவு கிடைக்கலயாம், லீவு!"

மாட்டிக்கொண்டான். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். "அவன் சொன்னதை நீயும் கேட்டல்லக்கா."

"கேட்டேன். அதுக்காக?"

"ரெண்டு ரூமா எடுக்கலாம்னு போய்க் கேட்டேன். ஒவ்வொரு ரூம்லயும் பெரியவங்க ஒருத்தர் இருந்தே ஆகணுமாம், சட்டம். அப்ப அம்மாவும் பொண்ணும் ஒரு ரூம். அவனும் நானும் ஒரு ரூம். இன்னும் மோசம். நான் போனா அவன் வரமாட்டான். இல்லன்னா அம்மாவுக்காக வருவான், வந்து நாலு நாளும் மூச்சை அடக்கிக்கிட்டு இருப்பான். காலேஜ் போறதுக்கு முன்னாடி அவனுக்கு இருக்கற ஒரே லீவு இது. அம்மாகூடவும் தங்கச்சிகூடவும் சிரிச்சுக்கிட்டு இருந்துட்டுப் போகட்டுமே. நான் வீட்டைப் பார்த்துக்கறேன்."

"யாரோ மாதிரிப் பேசறியேடா! நீ அந்த வீட்டுக்கு வாட்ச்மேனா?"

"கோபப்படாதக்கா" என்றான்.  "மூணு வருஷம் பார்த்தேன். சிலருக்கு வராது. அவன் மேல தப்பே இல்ல. அவனுக்கு அப்பா இருந்தாரு. அந்த இடத்தை நான் கேட்கவே இல்ல. பக்கத்துல ஒரு இடம் இருந்தா போதும்னு பார்த்தேன்."

நான் அழுதுவிட்டேன். இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறவளைப் பார்த்துக் கடைக்கு வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. இவனோ எழுந்துவந்து முதலில் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தான். போகும்போது, யாரிடமும் எதையும் சொல்லக் கூடாது என்று என் வாயைக் கட்டினான். கூடவே, "அவன் நாளைக்கு டிராவல் ஆபீஸுக்குப் போறான். பணத்தை உன்கிட்ட தர்றேன், நீ கூடப் போயிட்டு வந்துடு" என்று ஒரு வேலையும் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்த பெரியவனோடு அந்த ஐந்தாவது மாடிக்குப் போனேன். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. டிராவல்ஸ் அம்மா கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிக்கொண்டு, "வாங்க வாங்க" என்றாள். கலகலப்பான பொம்பளை, கேட்காததற்கும் பதில் சொல்கிற ரகம்.

"லிஃப்ட் சாரோட பையன்தானே? உட்காருப்பா. உங்கப்பா நடுக் கப்பலைத்தான் டிக் பண்ணி வெச்சிருக்காரு. ஆனா கடைசி முடிவு நீ சொல்றதுதான்னு சொல்லிட்டாரு."

"ஏன் நடுக் கப்பல்?" என்று கேட்டான் பெரியவன். "அப்பா" என்ற வார்த்தையை அவன் திருத்துவான் என்று எதிர்பார்த்தேன். திருத்தவில்லை.

"அதுல பன்னிரண்டுலேருந்து பதினேழு வயசு வரைக்கும் ஒரே கிளப். தங்கச்சி தனியாப் போயிடக் கூடாதாம். அது மட்டுமா? வேற யாரும் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டாரு போ! உள்பக்கத்து ரூம் விலை குறைச்சல்னு சொன்னேன், ஜன்னல் இல்ல, அவ்வளவுதான். வேண்டவே வேண்டாம்னுட்டாரு. விளக்கை அணைச்சா கும்மிருட்டா ஆயிடும், ஜன்னல் உள்ள ரூம்தான் வேணும்னாரு. அப்புறம், கட்டிலுக்குக் கட்டில் தனி விளக்கு இருக்கா, ராத்திரி பூரா எரிய விடலாமான்னு கப்பல் கம்பெனிக்கே போன் போடச் சொன்னாரு. போட்டேன். எரிய விடலாமாம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இருட்டுக் குழிக்குள் வேலை பார்த்துப் பார்த்து இவனுக்கு விளக்குப் பைத்தியமும் பிடித்துவிட்டதோ என்று நினைத்தேன். பெரியவன் பக்கம் திரும்பினால், அவன் காது மடல் வரைக்கும் சிவந்து போயிருந்தது.

டிராவல்ஸ் அம்மா நிறுத்துவதாக இல்லை. "இதையெல்லாம்கூட விடுங்க. கடைசியா ஒண்ணு கேட்டாரு பாருங்க, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. ரூம்ல பேர் மட்டும் என் பேர் இருக்கட்டும், நான் ராத்திரியில மேல்தட்டுல அந்தச் சாய்வு நாற்காலியில படுத்துக்கறேன், விடுவாங்களாம்மான்னு கேட்டாரு. நாலு ராத்திரியும்! ஏன் சார்னு கேட்டா, எனக்குக் காத்தாடப் படுத்தாத்தான் தூக்கம் வரும்னாரு. அதெல்லாம் விடமாட்டாங்க சார், குளிரும், காத்து ஆளையே தூக்கிடும்னேன்.  அப்புறம்தான், சரி, மூணு பேருக்கே போடுங்கம்மான்னாரு."

பெரியவன் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"அந்த நாலாவது கட்டில்..." என்றான்.  மறுபடி ஆரம்பித்தான். "நாலாவது கட்டில் இன்னும் இருக்கா, யாருக்காவது கொடுத்துட்டீங்களா?"

"கட்டிலை யாருப்பா தனியா வாங்கப் போறாங்க? கூரையிலதான் மடிச்சுக் கிடக்கும். ஆள் பேர் நாளைக்குள்ள சொன்னா சேர்த்துடலாம். போட்டோ வேணும்."

அவன் என்னைக்கூடப் பார்க்காமல் வெளியே போனான். லிஃப்டுக்கு நிற்கவில்லை. படிக்கட்டில் தடதடவென்று இறங்குகிற சத்தம் ஐந்து மாடிக்கும் கேட்டது. நான் பணத்தை மடியில் வைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலையில வர்றோம்மா" என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பினேன். அன்றைக்கு ஒரு சட்டைக் காலரைத் தீய்த்துவிட்டேன்.

கடையைப் பூட்டுகிற நேரத்தில் போன் அடித்தது. தம்பிதான்.  மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும்.

"என்னடா? யாருக்கு என்ன ஆச்சு?"

"அக்கா, பெரியவன் என்னை நீன்னு சொல்லிட்டான்க்கா."

எனக்கு வந்ததே கோபம். "என்னது? நீன்னா சொன்னான்? அவ்வளவு தூரத்துக்கு ஆயிடுச்சா? வயசுக்காவது ஒரு மரியாதை வேண்டாம்? அவன்கிட்ட போனைக் கொடு. இன்னிக்கு நான் பேசற பேச்சுல—"

"ஐயோ, கத்தாதக்கா! நீன்னு சொன்னான்க்கா!"

இந்த முறை அந்தக் குரலில் இருந்த சிரிப்பு என் காதில் விழுந்தது.

"அவங்கம்மாவை நீன்னுதான் சொல்லுவான். தங்கச்சியை நீன்னுதான் சொல்லுவான். அவங்கப்பாவையும் நீ வா போன்னுதான் பேசுவானாம். இந்த வீட்டுல என்னை மட்டுந்தான்க்கா இத்தனை நாளா வாங்க போங்கன்னான்" என்றான்.

நான் அப்படியே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவன் விட்டு விட்டுச் சொன்னான். பெரியவன் மூச்சிரைக்க வீட்டுக்குள் வந்திருக்கிறான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இவன் முன்னால் நின்று, "நாற்காலியில படுத்துக்கறேன்னு கேட்டியாமே? நாலு ராத்திரியும் குளிர்ல கிடப்பியா? உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தியிருக்கிறான். அம்மாக்காரி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து, "டேய்! யாரைடா நீ வா போன்னு பேசற?" என்று கையை ஓங்கியிருக்கிறாள். இவன் குறுக்கே விழுந்து, "விடு, அவனை ஒண்ணும் சொல்லாத, பேசட்டும்" என்று தடுத்திருக்கிறான். பிறகுதான் அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறான். அவன் அப்பா செத்த நாளிலிருந்து அவனுக்கு விளக்கு இல்லாமல் தூக்கம் வராதாம். பதினாறு வயசுப் பையன் இன்னும் விளக்குப் போட்டுக்கொண்டு படுக்கிறான் என்று இவனுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பான் என்று வெட்கமாம். அதனால்தான் ஒரே ரூம் வேண்டாம் என்றானாம். அம்மாவிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தானாம், சொல்லக் கூடாது என்று.

"ஆனா டிராவல் ஆபீஸ்ல விளக்கைப் பத்தி அவ்வளவு கேட்டிருக்கியே, உனக்கு ஏற்கனவே தெரியுமாடா?" என்றேன்.

"வந்த முதல் மாசமே தெரியும்க்கா. விடியறதுக்கு முன்னாடி வேலைக்குக் கிளம்பும்போது அவன் கதவுக்கு அடியில வெளிச்சம் தெரியும். கேட்டா கூசிப் போயிடுவான், அதான் கேட்கல. அவன் நான் வேண்டாங்கறதுக்கு அதுதான் காரணம்னு எனக்குத் தோணவே இல்ல. என்னைப் பிடிக்கலன்னே நினைச்சுட்டேன்."

"அட மக்குப் பயலே! ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் கூசிக்கிட்டு, நடுவுல என்னை அழ வெச்சீங்களேடா!"

"அவன் கேட்டான்க்கா, விளக்கு எரிஞ்சா உனக்குத் தூக்கம் வருமான்னு. எனக்கு எதுலயும் வரும், என் குறட்டையிலதான் உங்களுக்கு வராதுன்னேன். அது தெரியும், சுவரைத் தாண்டி மூணு வருஷமாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்னான்."

இரண்டு பேரும் சிரித்தோம். நான் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் சின்னவள் "நான் மேல் கட்டில்! நான்தான் மேல் கட்டில்!" என்று குதிக்கிற சத்தம் கேட்டது. அதற்கும் மேலே, வாசல் பக்கத்திலிருந்து, பெரியவனின் அதட்டல்.

"போன் பேசினது போதும்! போட்டோக் கடை மூடிடுவான். நீ வர்றியா இல்லையா?"

"வர்றேன்டா! இதோ வந்துட்டேன்டா!" என்றான் என் தம்பி. போனை அணைக்கவும் மறந்து எங்கேயோ வைத்துவிட்டு ஓடினான். அவர்கள் படி இறங்கிப் போகும்வரை நான் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.